அஞ்சலாட்சி கடை வரக்காப்பி

மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் வழியில் அஞ்சலாட்சிக்கு ஒரு காப்பிக்கடை இருந்தது. அங்கே பால் கிடையாது. பனைவெல்லம் போட்ட வரக்காப்பிதான். கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். பதினோரு வருஷமாக அந்தக் கிணற்றைத் திட்டிக்கொண்டேதான் அவள் வாளியை இறக்கினாள்.

2006-இல் கடை வாசலுக்கே குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. குழாய்க்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அந்தத் தண்ணீரில் காப்பி போட்டாள். உப்பு வாரிவிட்டு வந்த மாயவன் ஒரு வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னாக்கா, தூளை மாத்திட்டியா? ஒரே கசப்பா இருக்குது."

"நல்ல தண்ணிய ஒன் நாக்கு எங்க கண்டிருக்குது," என்று எரிந்து விழுந்தாள். ஆனால் அடுத்து வந்த நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். கடை காலியானதும் தானும் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தாள். அவளுக்கும் இறங்கவில்லை.

மறுநாள் கொதிக்கிற காப்பியில், யாரும் பார்க்காத நேரம், இரண்டு கல் உப்பைப் போட்டாள். மாயவன் ரசித்துக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான்.

"இன்னிக்குத்தான்க்கா ஒன் காப்பி. பைப்பு தண்ணி வாணாம்னு விட்டுட்டியா?"

"ஆமா, விட்டுட்டேன்," என்றாள் அஞ்சலாட்சி. "ஏம்பா, நாளைக்கு வர்றப்போ ஒரு படி உப்பு எடுத்தா. கொழம்புக்கு வேணும்."