மச்சாள் எழுதிய புதன்கிழமை

எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டுகள் வைக்கும் மேசை லாச்சிக்குள் ஒரு பிரெஞ்சுக் கொப்பி கிடக்கிறது. பிரான்சில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நாடு கொடுக்கும் சுகாதாரக் கொப்பி அது. எட்டாம் நாள், ஒன்பதாம் மாதம், இருபத்துநாலாம் மாதம் என்று, எந்த வயதில் வைத்தியர் பிள்ளையைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். என் மகள் பிரான்சில் பிறக்கவில்லை. நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்து மவுண்ட் ரோஸ்கிலில், சுவரெல்லாம் ஈரம் ஊறிய ஒரு வாடகை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் ஏழாம் மாதத்தில் அவளுடைய நிறையும் உயரமும் அந்தக் கொப்பியில்தான் பதியப்பட்டன. அச்செழுத்துப் போன்ற அந்த எண்களை எழுதியவர் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிசிலிருந்து எங்களைப் பார்க்க வந்தபோது, தன் வட்டாரத்துத் தாய் சேய் நிலையத்தில் கேட்டு வாங்கி, கறித்தூள் பொதிக்குக் கீழே வைத்து அதைக் கொண்டுவந்திருந்தார்.

மச்சாளுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அவர் அங்கே செய்தது அலுவலகங்களைத் துடைக்கும் வேலை. துடைப்பவருக்கும் ஐந்து வாரமா என்று நான் கேட்டபோது, நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோலப் பார்த்தார். மங்கரேயில், விமான நிலையச் சரக்குக் கொட்டிலில் வேலை செய்த என் கணவருக்கு அந்த வருடம்தான் புது ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த இரட்டைச் சம்பளம் அதில் இல்லை. நான்தான் கையெழுத்து வைக்கச் சொன்னேன். வந்த நாட்டில் முறைப்பாடு சொல்லக்கூடாது என்று நினைத்தேன். "தனித்தனியாக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினவங்களோ? நீங்களும் வரிசையிலை நிண்டு வைச்சனீங்களோ?" என்று கேட்டு மச்சாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கே என்றால் வேலைநிறுத்தம் செய்து ரயிலையே ஓடவிடமாட்டார்கள் என்றார். வாய்க்கு வாய் "அங்கை". எனக்கு அந்தச் சொல்லே ஒவ்வாமல் போயிற்று.

ஆனால் அவர் அந்த நாட்டைப் பற்றிப் பொய் சொன்னவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர் மச்சாள். பாரிசில் அவருடைய பட்டத்தை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. விடியுமுன் போய், ஆட்கள் வருமுன் துடைத்து முடித்து வெளியேறவேண்டும். பதினொரு வருடத்தில் அந்த மேசைக்காரர்களில் ஒருவர் முகத்தையும் அவர் கண்டதில்லை. சுரங்க ரயில் படிகளில் வெள்ளைக்காரர் எல்லாரும் ஏறிப்போக, மச்சாளின் கணவரை மட்டும் பொலிஸார் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள். அவர்களுடைய மூத்த மகன் நன்றாகப் படித்தவன், பிரெஞ்சுக்காரரைவிடத் திறமாகப் பிரெஞ்சு பேசுவான். வேலைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் சொன்னார்: "பிறக்கிற பிள்ளைக்கு அங்கை ஒரு குறையும் இல்லை. வளர்ந்த பிள்ளைக்குத்தான் இடமில்லை." அந்த வசனத்தை அப்போது நான் சரியாகக் கேட்கவில்லை. அவர் தோற்ற பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு அற்பத் திருப்தி மட்டும் எனக்கு இருந்தது.

அந்த மாதங்களில்தான், பசிபிக்கில் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்போவதாகப் பிரான்ஸ் அறிவித்திருந்தது. நியூசிலாந்தே கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கவேண்டிய விஷயம்தான். தன் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதப் பரிசோதனையைச் சட்டமாக்கி வைத்த நாடு, அடுத்தவர் பிள்ளைகள் நீந்தும் கடலில் குண்டைப் புதைக்கிறது. இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் ஆறவில்லை. ஒரு திங்கட்கிழமை, தேவாலய மண்டபத்தில் தாய்மாரும் குழந்தைகளும் கூடும் இடத்துக்கு மச்சாளையும் கூட்டிப்போனேன். அங்கே எதிர்ப்புக் கடிதம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. நானும் கையெழுத்திட்டேன். மச்சாள் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்ததும், எங்களோடு வழமையாக இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண் கையைத் தட்டினார். "பாரிஸா? பாரிஸ்லருந்து வர்றவங்க செண்ட்டு கொண்டு வருவாங்கன்னு பார்த்தா, உங்காளுங்க குண்டுல்ல அனுப்புறாங்க!" என்றவர், அதையே மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. "என்னைக் கேட்டோ போடுறாங்கள்? எனக்கு அங்கை வோட்டே இல்லை" என்று தமிழில் சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கவேண்டியவள் நான். சொல்லவில்லை. பிறகு அவர் என் மடியில் கிடந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டார். "பிள்ளை காதைப் பிடிச்சு இழுக்கிறாள். காய்ச்சலும் காயுது. இப்பவே டொக்டரிட்டைக் கொண்டுபோம்."

பஸ்ஸில் வரும்போது, கொண்டுபோகத் தேவையில்லை என்றேன். முந்தின மாதம் இதேபோலப் போனபோது, வெறும் சளித் தடிமன் என்று வைத்தியர் புன்னகையோடு அனுப்பிவிட்டார். வரவேற்பு மேசையில் "கட்டணத்தை அன்றே செலுத்தவும்" என்று அட்டை நின்றது. வாடகை வாரத்தில், கையில் காசில்லாமல் இன்னொரு தடவை அந்த அட்டைக்கு முன் நிற்க எனக்கு வெட்கம். உண்மையான காரணம் அதுதான். ஆனால் நான் சொன்னது வேறு. "உங்கட பிரான்ஸ் புராணம் போதும், மச்சாள். குண்டு போடுறவங்களிட்டை நான் பிள்ளை வளர்க்கப் பழகத் தேவையில்லை."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மச்சாள், "குண்டுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய் முழுதும் காய்ச்சல் மருந்து கொடுத்தேன். விசாரித்த பக்கத்து வீட்டுக்காரி, இந்த ஊரார் எதற்கும் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னார்: "ஷீ'ல் பீ ரைட்", எல்லாம் தானாகச் சரிவரும். அதை நம்ப எவ்வளவு சுகமாக இருந்தது! மச்சாள் இரண்டு தரம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு தரமும் நான் பார்க்காததுபோலச் சமைத்தேன். புதன் காலையில் குழந்தை திடீரென அழுகையை நிறுத்தினாள். நல்லாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தலையணையில் மஞ்சள் சீழ். செவிப்பறை வெடித்ததும் வலி நிற்கும் என்று அன்று மத்தியானம் வைத்தியர் விளக்கினார். பெரும்பாலும் தானாக மூடிவிடும் என்றார். திங்களன்றே வந்திருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம் என்றும் சொன்னார். நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

செவிப்பறை முழுதாக மூடவில்லை. மகளுக்கு இடது காது பாதிதான் கேட்கும். இரண்டு வருடம் கழித்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இலவசமாகக் காட்டலாம் என்று இங்கே அறிவித்தார்கள். எல்லாரும் வரவேற்றார்கள். எனக்கு வானொலியைத் தூக்கி எறியவேண்டும்போல இருந்தது. அப்படியானால் முன்பும் செய்திருக்கலாம்தானே? ஒரு தாயையும் அவள் பிள்ளையின் காய்ச்சலையும் பிரித்து, நடுவே ஒரு அட்டையை நிறுத்தி வைத்துவிட்டு, தாமதித்தவள் அவள் என்று சொல்வது எவ்வளவு லேசு. நான் தாமதித்தவள்தான். அதை ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். என்னை வலது பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கதை சொல்கிறாள். பள்ளியிலிருந்து வந்த படிவத்தில், கேட்கும் திறனில் குறை உண்டா, எப்போதிருந்து என்று ஒரு கேள்வி. திகதி பார்க்க லாச்சியைத் திறந்தேன். மச்சாள் திரும்பிப்போகுமுன் எல்லாவற்றையும் அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நிறை, காய்ச்சல், மருந்தின் அளவு, ஒன்றும் விடவில்லை. அறிகுறி முதலில் கண்ட நாள்: புதன்கிழமை. வைத்தியரிடம் காட்டிய நாள்: புதன்கிழமை.

நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தசமத்தில் ஓரிடம் பிசகினாலும் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்த ஆசிரியை அவர். திங்களன்று காய்ச்சலைத் தன் கையால் தொட்டவர். தன்னைப் பார்த்து மண்டபமே சிரித்தபோது சேர்ந்து சிரித்த என்னை, இரண்டு நாளை அழித்துக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தத் தயவை என்னால் வைத்திருக்க முடியாது. பேனாவை எடுத்து முதலாவது புதனை வெட்டினேன். பக்கத்தில் என் கையால் திங்கள் என்று எழுதினேன். பள்ளிப் படிவத்திலும் அந்தத் திங்களின் திகதியையே எழுதினேன்.