பதினோரு நிமிடம்

ஜெபகனி ஆர்டரைக் கெடுக்கப் பார்த்தவள் என்று எங்கள் ஷூ கம்பெனியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. சொல்பவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். தையல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நான். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அவள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர். மகளைப் பாதிரிமார் மிஷன் நடத்திய தையல் வகுப்பில் சேர்த்தார். புருஷன் பெங்களூருக்குப் போனவன் திரும்பவில்லை. அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றச் சர்க்கார் கடிவாளம் போட்டு, ஊரில் ஷூ கம்பெனிகள் முளைத்த நேரம் அது. இரண்டு பெண் பிள்ளைகளோடு எழுபத்தாறில் வேலைக்கு வந்தாள்.

எண்பத்திரண்டில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே கூலி ஏறிப்போய் ஷூ கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஷூவின் மேல்பாகத்தை இங்கே தைத்து வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க வந்தவர். கையில் ஸ்டாப் வாட்ச். ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிடம் என்று அவர் எழுதுகிறாரோ, அதுதான் பிறகு நாற்பது பெண்களுக்கும் கணக்கு.

அன்று காலையில் மேனேஜர் இன்பசேகரன் என்னைக் கூப்பிட்டு, ஜெர்மன்காரர் நேரம் பார்க்கப்போகிற ஜெபகனி மெஷினின் மோட்டாரில், பெல்ட் சுற்றும் புல்லியைப் பெரிதாக மாட்டச் சொன்னார். மெஷின் வேகமாக ஓடும். மாட்டினேன், பொய் சொல்லவில்லை. அவள் பெடலை மிதித்ததும் மெஷின் பாய்ந்தது.

"இன்னா மெக்கானிக்கு, இதுக்குப் பேய் புடிச்சிகிச்சா?"

"மேனேஜர் சொன்னாரு. இன்னிக்கு ஒரு நாளு தானே."

"அவருக்கு ஒரு நாளு. வெள்ளைக்காரரு எட்டு நிமிஷம்னு எழுதிக்கினு போய்டுவாரு. நாளைலேர்ந்து எல்லாப் பொண்ணுங்களும் எட்டு நிமிஷத்துல தைக்கணும். வெரல்ல ஊசி ஏறும். கழட்டு."

"ஆர்டர் போய்ட்டா?"

"எதுக்குயா போவுது? அங்க கூலி கட்டலேன்னு தானே இவ்ளோ தூரம் வந்துகிறாரு? ரெண்டு மூணு நிமிஷத்துக்காகத் திரும்பிப் போய்டுவாரா? கழட்றியா, நானே பெல்ட்ட அறுக்கவா?"

அறுத்தும் விடுவாள். கழற்றிப் பழையதை மாட்டினேன்.

ஜெர்மன்காரர் வாட்சை அழுத்தினார். அவள் தினமும் தைக்கிற மாதிரியே தைத்தாள். முடித்தபோது பதினோரு நிமிடம். மேனேஜர் முகம் கறுத்து, இவளுக்கு இன்று ஃபீவர், இல்லாவிட்டால் எட்டுதான் என்று இங்கிலீஷில் அளந்தார். ஃபீவர் என்ற ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நோ ஃபீவர் சார். டெய்லி லெவன் மினிட்." பிறகு மேனேஜரிடம், "அவங்க ஊருல எவ்ளோன்னு கேளுங்க சார்" என்றாள்.

அவர் கேட்கவில்லை. அவளே வாட்சைக் காட்டி, "யுவர் கண்ட்ரி?" என்றாள். ஜெர்மன்காரர் ஒன்பது விரல் காட்டினார்.

"அவங்களுது புது மெஷினு. இது அங்க மூடிப்போன கம்பெனிலேர்ந்து வந்த ஓட்டை. இதுல பதினொண்ணுன்னா நான் அவங்களுக்குக் கொறச்சலா?" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவர் பதினொன்று என்றே எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஆர்டரும் வந்தது. பூமாலை மேனேஜருக்கு. ஜெபகனியைத் தையலிலிருந்து எடுத்து, நூல் வெட்டும் பெஞ்சில் போட்டார்கள். அவள் அடங்கினாளா? கத்தரியும் கையுமாக, "எவ்ளோ நிமிஷம்டி?" என்று கத்துவாள். "பதினொண்ணு அக்கா!" என்று லைனே கத்தும்.

இந்த வருஷம் கண் மங்கி, கணியம்பாடியில் பெரிய மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று கேட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு தேசத்தில் நம்மைவிடக் கூலி கம்மி, ஆர்டரெல்லாம் அங்கே போய்விடும் என்று மேனேஜர் பயமுறுத்த ஆரம்பித்திருந்தார். அதைச் சொன்னேன்.

"நம்மளக் காட்டி அந்த ஜெர்மன் பொம்பளைங்கள மெரட்டினாங்க. இப்போ எவளையோ காட்டி நம்மள மெரட்றாங்க. அவளும் பாவம், நூலும் ஊசியுமாத் தான் குந்திகினு இருப்பா" என்றாள். பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"மெக்கானிக்கு, ஒண்ணு செய்யி. எவனாச்சும் எட்டு நிமிஷம்னு எழுதி ஒட்டினான்னு வெச்சிக்கோ, அன்னிக்கு எல்லா மெஷினும் ரிப்பேருன்னு சொல்லிடு."