காலியாக விட்ட கட்டம்

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்த இடத்து வேலை கிடைத்ததைத் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாகப் பெரியவள் நினைத்திருந்தாள். உயரமான கவுண்டர். வருகிறவர்களுக்கு அவளுடைய முகமும் தோளும் மட்டும்தான் தெரியும். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தி, மூக்கில் உட்காருகிற இடத்தைத் துளி நெருக்கி, "இப்ப அழுத்துதா பாருங்க" என்பாள். கைவேலை சுத்தம், முகம் லட்சணம், பேச்சு இதம். எழுந்து நடந்தால்தான் அவர்கள் பார்வை மாறும். அதனால் முடிந்தவரை எழுந்திருக்கவே மாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் 'தண்ணி டேங்க்' என்று பெயர். கல்லூரிக்குப் போனதும் டேங்க் போய் 'ஆன்ட்டி' வந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆனால் பட்டமளிப்பு நாளில் அவளுக்கு இருந்த ஒரே கவலை, அங்கி தன் அளவுக்குக் கிடைக்குமா என்பது.

பதினாறு வயதில் அவள் தொண்ணூற்றாறு கிலோ. அம்மாவிடம் அதற்கு ஒரே வைத்தியம்தான் இருந்தது: "வாயக் கட்டுடி." லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அதைக்கூடச் சொன்னதில்லை. "வளர்ற புள்ள, போகப் போகச் சரியாயிடும்" என்று செய்தித்தாளைப் புரட்டுவார். வளர்ந்தாள், சரியாகவில்லை. ஒரு தடவை வைராக்கியமாகப் பட்டினி கிடந்து பதினெட்டு கிலோ குறைத்தாள். போன பதினெட்டு, ஊரைச் சுற்றிவிட்டு நாலு கிலோவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. அவளுக்குப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த சின்னவளுக்குப் பதினாறு. எடை நூற்றுப் பதினெட்டு. ரத்தத்தில் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மாத்திரை, நடை, உணவுப் பட்டியல் எல்லாம் இரண்டு வருடம் பார்த்தாகிவிட்டது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர்.

வீடு இரண்டுபட்டது. "பச்சப் புள்ள வயித்தக் கிழிக்கிறதா? பதினெட்டு ஆகட்டுமே, என்ன அவசரம்?" என்றாள் அத்தை. "காத்திருக்கலாம்மா. ஆனா அவ ஈரல் காத்திருக்குமான்னு தெரியல" என்று டாக்டர் சொன்னதை அப்பா ஒப்பித்தார். கடைசியில் எல்லாரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

"நீ படிச்சவ. நீ சொல்லும்மா."

"யோசிக்கணும்ப்பா" என்றாள். "இன்னும் வளர்ற உடம்பு. வெட்டி எடுத்ததத் திரும்ப வைக்க முடியாது. ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். அதையும் மீறி எடை திரும்பி வரலாம். இதெல்லாம் தெரிஞ்சு சரின்னு சொல்ற வயசா அவளுக்கு?"

சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் சொல்லி முடித்ததும் நாக்கில் ஓர் இனிப்பு தட்டியது. அவள் சந்தேகப்பட்டது அந்த இனிப்பைத்தான்.

அப்பா ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு, தேய்த்த சட்டை மாட்டி, சின்னவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பெரியவளின் பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை. அம்மா சின்னவளுக்கென்று தனியாகக் காய் வேகவைத்தாள், முட்டை அவித்தாள், "போதுமாடா கண்ணு?" என்று கேட்டாள். பெரியவளிடம் யாரும் போதுமா என்று கேட்டதில்லை. 'போதும்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தங்கைக்கு வந்த நோயின்மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது. தன்னுடையது வெறும் கொழுப்பு. இவளுடையதற்குப் பெயர் இருக்கிறது, ஃபைல் இருக்கிறது, கூட உட்கார்ந்து கவலைப்பட ஆள் இருக்கிறது.

அந்த மருத்துவமனையில் ஒரு விதி. பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மூன்று மாதம் உணவு நோட்டு வைக்க வேண்டும். வீட்டில் வேறு ஒருவர்தான் அதை எழுத வேண்டும், அம்மா கூடாது. "அம்மா எழுதினா நோட்டுல பாசம்தான் இருக்கும்" என்று உணவு ஆலோசகர் சிரித்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம்: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு. கீழே ஒரு கட்டம்: 'யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது.' ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இந்தப் பிள்ளையால் முடியுமா என்பதை அந்தக் கட்டத்தில்தான் பார்ப்பார்களாம்.

"நான் எழுதறேன்" என்று பெரியவள் முந்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அளவெடுக்கிற கை. துல்லியமாக எழுதியது. 'மாலை 4.10. பிஸ்கட் மூன்று. நின்றுகொண்டே. அம்மா பார்க்காதபோது.' 'மதியம். பன் ஒன்று. கேட்டதற்கு இல்லை என்றாள். உதட்டில் துணுக்கு இருந்தது.' ஒரு வரி பொய்யில்லை.

கட்டத்தை மட்டும் அவள் நிரப்பவில்லை.

முதல் வாரம் நிரப்ப ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது வாரம், அப்பா பழுது பார்த்துக் கொடுத்த லிஃப்ட் பக்கத்திலேயே நிற்க, சின்னவள் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வீட்டுக்கு வந்தாள். "ஏன்டி, அப்பா வேலைமேல நம்பிக்கை இல்லையா?" என்று பெரியவள் கிண்டலடித்தாளே தவிர எழுதவில்லை. தோழியின் பிறந்தநாளில் கேக்கை வாயருகே கொண்டுபோய்க் கீழே வைத்ததாகச் சின்னவள் பெருமையாகச் சொன்னபோது, "எவ சாட்சி?" என்று பேனாவை மூடினாள். நாளைக்குச் சேர்த்து எழுதலாம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அந்த நாளை வரவே இல்லை. தொண்ணூறு பக்கம், தொண்ணூறு வெள்ளைக் கட்டம்.

முடிவு சொல்லும் நாளில் ஒரு மேஜையைச் சுற்றி டாக்டர், ஆலோசகர், மனநல மருத்துவர் மூவரும் இருந்தார்கள். எதிரே நாற்காலியில் அப்பா, அம்மா, சின்னவள், பெரியவள். மனநல மருத்துவர் நோட்டைக் கடைசிவரை புரட்டினார்.

"தானா ஒண்ணுமே செய்யலையே. ஒரு வருஷம் தள்ளிப் போடறது நல்லதுன்னு படுது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னவளுக்குக் கன்னம் சிவந்தது. "கொஞ்சம் செஞ்சேன். ஆனா அக்கா எழுதலன்னா, எழுதற அளவுக்கு இல்லையோ என்னவோ" என்றாள்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வருடம் தள்ளிப்போகும், அத்தை மகிழ்வாள், யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் இரண்டு குண்டுப் பெண்கள் இன்னும் ஒரு வருடம் இருப்பார்கள். ஒருத்தி மட்டும் தனியாக நிற்க வேண்டியதில்லை.

அதை நினைத்தபோதுதான் தனக்கு எது பயம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அவ செஞ்சா" என்றாள். "நாலு மாடி ஏறினா. வாய்வரைக்கும் போன கேக்கத் திருப்பி வெச்சா. நான்தான் எழுதல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. பிடிக்கல."

மூவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசிவிட்டு, ஞாபகத்திலிருந்து இப்போது நிரப்புவதை ஏற்க முடியாது, இன்னும் ஆறு வாரம் அப்பா புது நோட்டு எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

பஸ் நிறுத்தம் வந்ததும் சின்னவள் வெடித்தாள்.

"வேணாம்னு நெனச்சா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே! ராத்திரி பகலா எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். நீ போலீஸ்காரி மாதிரி பேனாவும் கையுமா நின்ன."

"தப்புதான்டி."

"உனக்கு வேணும்னா நீ போய்க் கேக்க வேண்டியதுதானே? உனக்கு யார் கையெழுத்தும் வேணாம், நோட்டும் வேணாம்!"

பெரியவர்களுக்கான பிரிவு அதே வராந்தாவில்தான் இருந்தது. மூன்று மாதமாகச் சின்னவளுக்குத் துணையாக வரும்போதெல்லாம் பெரியவள் அதன் வாசலைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"எனக்கு இப்ப வேண்டியது அது இல்ல" என்றாள் மெதுவாக. "பதினாறு வயசுல யாராவது என்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும். ஆபரேஷனுக்குன்னு இல்ல. சும்மா ஒரு டாக்டர்கிட்ட." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இவளுக்கு மட்டும் எப்படிப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உன்னப் பாத்துதாம்மா தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "இன்னொரு தடவ சும்மா இருந்துடக் கூடாதுன்னு."

அது ஆறுதல் சொல்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அவளுக்கு எரிந்தது. தான் பதினொரு வருடம் பட்டதெல்லாம் தங்கைக்காக எழுதிப் பார்த்த கரும்பலகையா? பஸ் வந்தபோது முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

ஆறு வாரம் அப்பா எழுத்துப்பிழையோடு கட்டங்களை நிரப்பினார். சில நாள் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். இந்த முறை மருத்துவமனை சரி என்றது.

ஆபரேஷனுக்குக் காலையில் அழைத்துப் போகும் முன், பச்சை அங்கியில் சின்னவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் வெளியே படிவத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள்.

"பயமா இருக்குக்கா. சரியான முடிவுதானா?"

"தெரியலடி. நெஜமா தெரியல. நீ பயந்துக்கிட்டே கேக்கற பாரு, அதனால சரியா இருக்கும்னு நெனைக்கறேன்."

"உனக்கு என் மேல இன்னும் பொறாமையா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். இருந்தது. குறையக்கூட இல்லை.

"ஆமா. நிறைய."

"அப்பாடா, வாயால சொல்லிட்ட" என்று சின்னவள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததில் கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்த நர்ஸ், "ஒருத்தருக்குதான் இந்தக் கட்டில், கண்ணுங்களா" என்றாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றாள் பெரியவள். எழுந்திருக்கவில்லை.