எல்லாக் கொட்டைக்கும் ஒரே வாசனை

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். மரம் சீவிவிட்டு வருகிறவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. அப்படிப் பழகிய கண், மலாக்காவுக்குப் பக்கத்தில் கிளேபாங்கில் வீடு வாங்கி ஓய்வாக உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை. மீன்காரர் தராசில் விரலை வைக்கிறாரா என்று இப்போதும் பார்க்கிறேன். "சாமி நேர்ல வந்து நின்னாக்கூட ஐசி, அடையாளக் கார்டு எங்கன்னு கேப்பீங்க" என்பாள் மனைவி. கேட்டால் என்ன தப்பு?

ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்த கிறுக்கு, காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுப்பது. கடைத்தூளுக்குச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருகக் கருக வறுக்கிறார்கள். அந்தக் கருப்புக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். அதனால் பச்சைக் கொட்டையாக வாங்கி, பின்கட்டில் அடுப்பு வைத்து, குவாலிச் சட்டியில் போட்டு நானே வறுக்கிறேன். கொட்டை படபடவென்று வெடிக்கும்போது என்னை யாரும் கூப்பிடக் கூடாது.

கொட்டை கொடுப்பவர் மலாக்கா டவுனில் மசாலாக் கடை வைத்திருக்கும் பாய். என்னைவிட இளையவர். வறுத்த காப்பியைப் போட்டு பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு காலையில் அவர் கடைக்குப் போவேன். கூட்டமில்லாத நேரத்தில் இருவரும் குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். என் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். தோட்டத்துக் கூட்டாளிகள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். உட்கார்ந்து பேச எனக்கென்று மிஞ்சிய ஆள் பாய் ஒருவர்தான்.

அந்த ஆள்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

எத்தியோப்பியாக் கொட்டையில் எலுமிச்சைப் பூ மணக்கும், சுமத்ராவில் மழை பெய்த மண் மணக்கும், சிக்மகளூரில் மிளகு லேசாக எட்டிப் பார்க்கும், ஜொகூர் லைபீரிகாவில் பலாப்பழம் மணக்கும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர் சொன்னதாம். எல்லாவற்றையும் வாங்கி வறுத்தேன். பூவும் இல்லை, பலாவும் இல்லை. எதைக் குடித்தாலும் ஒரே புகைவாசனை. நெருப்பைக் குறைத்துப் பார்த்தேன், குவாலியை மாற்றிப் பார்த்தேன், வாசனை மாறவில்லை. ஒரே மூட்டையை அள்ளி நாலு பெயர் எழுதி விற்கிறாரோ?

போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் நான் காப்பியை ஊற்றிக் கொடுத்ததும் என் முகத்தையே பார்ப்பார். "நம்ம கொட்டை எப்படிண்ணே? வாசனை தூக்குதுல்ல?" என்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எத்தியோப்பியா மூட்டைய என் கண்ணு முன்னாடி பிரிச்சு அள்ளுங்க பாய்."

அவர் கை நின்றது. "என் மேல சந்தேகமாண்ணே?"

"சும்மாதான்லா."

புது மூட்டையைப் பிரித்தார், அள்ளினார், நிறுத்தார், துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். நான் ஊற்றி வைத்த காப்பியை அன்று அவர் தொடவே இல்லை. பஸ்ஸில் வரும்போது, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டையில் பாதியை அடுப்பில் போட்டேன்.

எலுமிச்சைப் பூ மணத்தது. மனைவியே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க வறுக்கிறீங்க?" என்றாள். பாய் அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். கண்முன்னால் அள்ளினால்தானே நல்ல சரக்கு வருகிறது!

மிச்சப் பாதியை அடுத்த வாரம் வறுத்தேன். பூவைக் காணோம். பழைய புகைவாசனை வந்து உட்கார்ந்திருந்தது. நான் திகைத்துப் போனேன். பாய் எவ்வளவு பெரிய கள்ளனாக இருந்தாலும் என் வீட்டுக்குள் வந்து கொட்டையை மாற்றியிருக்க முடியாது.

கொட்டையை நான் வைத்திருந்தது சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில். அடுக்களையில் கோலா சுங்கை பாருவில் வாங்கிய கருவாடும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் இருக்கின்றன. அந்த வாடை பிடித்துவிடும் என்றுதான் வீட்டிலேயே சுத்தமான இடமாகப் பார்த்து வைத்தேன். அலமாரிக் கதவில் காற்றுப் போகச் சந்து விட்டிருந்தது. அதற்கு நேர் எதிரில்தான் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் கரியைப் பழுக்க வைத்துச் சாம்பிராணியைத் தூவுவாள். துணிப்பையை எடுத்து முகர்ந்தேன். சாட்சாத் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை. இத்தனை காலமும் எத்தியோப்பியாவுக்கும் சுமத்ராவுக்கும் சேர்த்தே தூபம் காட்டியிருக்கிறோம்.

மறுபடி அவர் கடையிலேயே கொட்டை வாங்கி அன்றைக்கே வறுத்தேன். மறுநாள் பிளாஸ்கோடு போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வராது, இந்தக் காப்பி கேட்கட்டும் என்று இருந்தேன். பாய் தயங்கித்தான் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். புருவம் சுருங்கியது.

"இது நம்ம கடைக் கொட்டை இல்லண்ணே."

"நேத்து நீங்க அள்ளிக் கொடுத்ததுதான் பாய்."

"நம்ம கொட்டையில ஒரு வாசனை இருக்கும்ணே. வர்றவங்ககிட்டயெல்லாம் அதச் சொல்லித்தான் விக்கிறேன். இதுல அது இல்ல. வேற கடையில வாங்குறதா இருந்தா நேரா சொல்லிருங்க."

என் வீட்டுச் சாம்பிராணியைத்தான் இந்த மனிதர் தன் கொட்டையின் பெருமை என்று நம்பிக்கொண்டிருந்தார். இதை எந்த வாயால் சொல்வது?

"உங்க கொட்டைதான் பாய். சத்தியமா."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சு, கடைய மகன்கிட்ட விட்டுட்டு வர்றேன். என் கண்ணு முன்னாடி வறுங்க."

"வெள்ளி மட்டும் வேணாமே பாய்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? வெள்ளிக்கிழமை என்ன?"

வாளியோடு வந்து நின்றவர்களிடம் தோட்டத்தில் நான் கேள்வி கேட்ட அதே குரல். அவர்களைப் போலவே நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.