செவ்வாய்க்கிழமை கிடைத்த லைசென்ஸ்

மற்ற தொழில்களில் செய்த தப்பைப் பூசி மெழுகிவிடலாம். முடிவெட்டும் தொழிலில் அது எழுந்து தெருவில் நடந்து போகும், ஊரே பார்க்கும்.

எழுபதுகளில் பீர்மேடு பக்கம் ஓர் எஸ்டேட் பஜாரில் என் அக்கா வீட்டுக்காரர், செல்வராஜ் மச்சான், சலூன் வைத்திருந்தார். அவருக்கு மலைக்குக் கீழே, கஞ்சிக்கோட்டில் பாக்டரி வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் நான் தொழில் பழகி, பஞ்சாயத்து லைசென்ஸை என் பேருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் கடையை மூடிவிட்டு, நான் பழையபடி தேயிலைக்கு மருந்தடிக்கப் போக வேண்டும். அந்த வாடையில் மூன்று வருஷம் இருமியவன் நான். லைசென்ஸுக்கு அலைந்த யாருக்கும் என் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் கத்திரி

முதல் மாதம் மச்சான் ஒரு தலையையும் கண்ணில் காட்டவில்லை. கத்திரி பிடித்தால் கட்டைவிரல் மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற விரல்கள் அசையக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்காக ஒரு மூலையில் நின்று நாள் முழுக்கக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏ தம்பி, சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடி எப்ப விழும்?”

டாக்டரம்மா பார்த்த கால்

சவரக்கத்தி பழக எவனும் கன்னம் தர மாட்டான். என் இடது காலைத்தான் கொடுத்தேன். லைசென்ஸுக்காக, தோல் வியாதி இல்லை என்று சர்டிபிகேட் வாங்கப் போனபோது எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேட்டியை முழங்கால் வரை தூக்கச் சொன்னார். ஒரு கால் மழமழவென்று, மேலெல்லாம் கீறல். இன்னொரு கால் காடு. விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

“வியாதி ஒண்ணும் இல்ல. அந்த வலது காலையாவது விட்டு வை.”

மூடுபனியின் உபகாரம்

என் முதல் தலை, எஸ்டேட் கணக்கப்பிள்ளை கருப்பையா அண்ணாச்சியுடையது. வெட்டத் தொடங்கியதும் மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளை. காதோரம் வெட்டியது எனக்கே திருப்தி இல்லை. பனி விலகாமல் இருக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டேன். மச்சான் வந்து கடமைக்குத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்ப்பா, தொடைக்காத. வீட்டுக்குப் போனா அவளே சொல்லிருவா.”

செவ்வாய்க்கிழமைத் தலை

மச்சான் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். மலையாளி, நல்ல மனுஷன். கடை சுத்தம், டெட்டால் கிண்ணம் எல்லாம் பார்த்துவிட்டு, “ஒரு ஆளுக்கு வெட்டிக் காட்டு” என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த எஸ்டேட் ஆட்கள் அன்றைக்குத் தலையில் கத்திரி படவிட மாட்டார்கள். வேதக்காரக் கிறிஸ்தவர்களைத் தேடி மச்சான் ஓடினார். அவர்களுக்கு நோன்பிருக்கும் தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் முடியைத் தொட மாட்டார்களாம். ஒருவரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி வர ஒரு மாதம் ஆகும். எனக்கு மருந்து வாடையே அடித்துவிட்டது. “சார், இன்னைக்கு வெட்டக் கூடியவரு இந்தப் பஜார்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் வாட்சைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார். கட்டைவிரல் மட்டும்தான் அசைய வேண்டும் என்ற சட்டம் அன்று எனக்கு மறந்தே போனது. இடதுபக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. அதற்குச் சமமாக வலதை ஏற்றினேன், பிறகு இடதை. பின்கழுத்தில் தேயிலைச் சரிவு மாதிரி படிப்படியாக நின்றது. பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டியபோது அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

“லைசென்ஸ் தந்நாச்சு. ஆனா இது ஆரு வெட்டினதுன்னு வெளியில பறயண்டா, சொல்லாதே.”

என் திறமையை மெச்சி சர்க்கார் கொடுத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டது, தன் தலைக்குக் காரணம் வெளியே தெரியக் கூடாது என்று ஒரு நல்ல மனுஷன் போட்ட கையெழுத்துதான்.