எங்கள் பிரெஞ்சுப் பெயரின் முதல் ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, டொராண்டோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது இது.

நான் புதுச்சேரிக்காரி. இங்கே தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலை. கணவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். 'அழகிய மலை' என்று பொருள். எங்கள் ஊரில் மலையே கிடையாது. எங்கள் வீட்டில் பெண் எடுத்த ஒரு பிரெஞ்சுக் கப்பல் கேப்டனிடமிருந்து அது வந்தது என்பார் அப்பா. கேப்டனுக்கு நீலக் கண்கள். அப்பா சொல்லச் சொல்ல, வருடத்துக்கு வருடம் அவர் உயரமாகிக்கொண்டே வந்தார்.

அப்பா எங்களைப் பார்க்க வந்திருந்தபோது, இதே குடும்பப் பெயர் கொண்ட பிரெஞ்சுக் கனடியர்கள் வருடம் ஒருமுறை கூடும் நிகழ்ச்சி பற்றித் தெரியவந்தது. பெயர் இருந்தால் போதும், யாரும் வரலாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வழக்கம்போலத் தயாரிப்பில் இறங்கினேன். தெரிந்தவை, தெரியாதவை என்று பிரித்து எழுதினால், கேப்டனின் பெயர், கப்பல், வந்த காலம் எல்லாமே தெரியாதவற்றில் போய் விழுந்தன. தேடியபோது வேறொன்று கண்ணில் பட்டது. பிரெஞ்சு ஆட்சியில், சாதி வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக்கொடுத்த தமிழர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பெயரும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"மாமாட்டச் சொல்லாதையும். கப்பித்தான் இல்லாட்டி மனுசனுக்குச் சோறு இறங்காது," என்றார்.

எனக்குப் பயம் வேறு. தலைமுறைக் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் முன்னால் அப்பா கேப்டனை அவிழ்த்துவிட்டால்? "புதுச்சேரின்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுங்கப்பா," என்று கெஞ்சினேன்.

"கேப்டனைப் பத்தி நான் சொல்லிக்கிறேன். நீ கம்முனு இரு."

கூடத்தின் சுவர் நீளத்துக்கு ஒரு துணி. அதில் அவர்களுடைய வம்ச மரம். புதிதாக வருபவர்கள் தங்கள் முன்னோர் யார் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அந்தப் பெயரருகே ஒரு சிவப்புப் பொட்டை ஒட்ட வேண்டும். கணவர் என் காதருகே குனிந்தார். "உங்கட சொந்தக்காரர் எல்லாரும் நல்ல வெள்ளையா இருக்கினம். நீர் மட்டும் எப்பிடித் தப்பினீர்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவின் முறை வந்தது. மரத்தைப் பராமரிக்கும் நரைத்த தலைப் பெண்மணி பிரெஞ்சில் பணிவாகக் கேட்டார்: உங்கள் முன்னோர் யார், எந்தக் கப்பலில் இந்தியாவுக்குப் போனார்? கூடமே திரும்பிப் பார்த்தது. விரல்நுனியில் பொட்டோடு, அப்பா அந்த மரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தபடி நின்றார். பிறகு பள்ளிக்கூடப் பிரெஞ்சில் நிதானமாகப் பேசத் தொடங்கினார். எனக்கும் அரைகுறையாகப் புரியும். கணவருக்காக மெல்ல மொழிபெயர்த்தேன்.

"எங்க வீட்டுல யாரும் கப்பல்ல வரலையாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அப்பா தொடர்ந்தார். அவருடைய பாட்டனாரின் பாட்டனாரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எழுதிக்கொடுத்தால் வேறு பெயர் கிடைக்கும் என்று தெரிந்ததும், அவர் போய் இந்தப் பெயரைக் கேட்டு வாங்கினார். ஏன் இந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்மணி மரத்தின் அடியிலிருந்த முதல் பெயரைத் தொட்டுக் காட்டினார். அவர் ஒரு சிப்பாயாம்; இந்தப் பெயர் படையில் வைத்ததாம். "இவருடைய அப்பாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. உங்களவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அப்பா அவரிடம் ஒரு பேனாவைக் கேட்டு வாங்கினார். எந்தக் கிளையிலும் சேராத வெற்றிடத்தில் பொட்டை ஒட்டி, பக்கத்தில் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதினார். அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை.

திரும்பும் வழியில் கணவர்தான் கேட்டார். "அப்ப ஏன் மாமா இவ்வளவு காலமும் கப்பித்தான்?"

"பள்ளிக்கூடத்துல கேப்பாங்க மாப்ள, உனக்கு ஏதுடா வெள்ளைக்காரன் பேருன்னு. கேப்டன்னு சொன்னா மேல கேக்க மாட்டாங்க." பிறகு அவரே தொடர்ந்தார். "இன்னிக்கு அத்தனை பேர் பேரும் அங்க எழுதியிருக்கு. நம்மாளு இருக்கவேண்டிய எடத்துல, இல்லாத ஒருத்தனை எப்பிடி எழுதறது?"

இப்போதெல்லாம் கையெழுத்துப் போடும்போது, ஓர் அரசு அலுவலரின் மேசைக்கு எதிரில் நின்று இந்தப் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அப்போது அவர் குரல் நடுங்கியதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வழியில்லை.