டேக் என்றால் எடு

அபிராமபுரத்தில் அந்த வீட்டு மாமியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துத் தேறியவள் நான். டேக், டுக், டேக்கன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டேக் என்றால் எடு. அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் வேறு வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டில் அவரும் மகளும் மட்டும். மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஹாலில் ஒரு மேசை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பார். மாமியின் மகன், அக்காவின் அண்ணன், அமெரிக்காவில். தினமும் காலை ஒன்பது மணி வாக்கில் அவர் ஃபோன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காபி குடித்தபடி பேசுவார்.

முதல் இரண்டு வாரம் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார்கள். பிறகு ஒரு மாற்றம் வந்தது. நான் ஹால் பக்கம் வந்தால் தமிழ் நின்றுவிடும். மாமியின் கஞ்சியை எடுத்துக்கொண்டு நான் கடந்து போகும்வரை ஆங்கிலம் மட்டும் ஓடும். என் பெயரை அவர்கள் சொல்லவே இல்லை. 'ஷி' என்றார்கள். அந்த வீட்டில் மாமியை 'அம்மா' என்றுதான் சொல்வார்கள். அப்படியென்றால் 'ஷி' யார்?

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு யோசிக்கக் காரணம் இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அம்மா மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். ஒரு நாள் அங்கே வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணவில்லை. அம்மாவை வாசலில் நிற்க வைத்து, முந்தானையை உதறச் சொன்னார்கள். மறுநாளே கிண்ணம் அவர்கள் பீரோவுக்குள் கிடைத்தது. கிடைத்த செய்தியை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா எந்த வீட்டுக்குள்ளும் பையை எடுத்துப் போகமாட்டார். வாசலிலேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டிவிடுவார். நானும் அப்படித்தான். அபிராமபுரம் வீட்டில் என் பை செருப்பு ஸ்டாண்டின் மேல் இருக்கும், ஜிப் திறந்தபடி.

மாமியின் காது மெஷின் காணாமல் போனது ஒரு திங்கட்கிழமை. இரண்டு காதுக்கும் ஒவ்வொன்று, பட்டாணி அளவுதான் இருக்கும். தூங்கும் முன் கழற்றிச் சின்ன டப்பியில் வைப்பார். காலையில் நான் வந்து பார்த்தபோது டப்பி காலி. கட்டிலுக்கு அடியில், பெட்ஷீட் மடிப்பில், வாஷிங் மெஷினில், குப்பைக் கூடையில், எங்கே தேடியும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்து, "நீ எங்கேயாவது எடுத்து வெச்சியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான் டப்பியத் தொடவே இல்ல."

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்."

சும்மாதான் கேட்டேன் என்று சொன்ன பிறகு ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. அரசு ஆட்கள் எங்களை அங்கிருந்து எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். வழியெல்லாம் அந்த ஒரு நொடிதான்.

மறுநாள் ஃபோனில் அக்கா சொன்னார்: "அம்மா ஹேஸ் டேக்கன் டு ஹர்." சிரித்தபடி சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். டேக்கன், எடுத்தாச்சு. டூ, இரண்டு. ஹர், அவள். காணாமல் போனதும் இரண்டு. வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

மருந்து அட்டவணையின் பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். புதன்கிழமை இன்னொன்று கிடைத்தது: "ஷி ஹேஸ் டேக்கன் ஓவர் த கிச்சன்." சமையலறையிலிருந்தும் எதையோ எடுத்தேன் என்கிறார்களா? அன்றைக்கே ஸ்பூன்களை எண்ணிப் பார்த்தேன். எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்பது எண்ணி முடித்த பிறகுதான் உறைத்தது. வியாழக்கிழமை அக்கா "டேக் ஹர் ஆன்" என்றார். அதற்கு அண்ணன் ஸ்பீக்கரில் பதில் சொன்னார்: "ஜஸ்ட் டோண்ட் பி டேக்கன் இன்." இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வேறொரு சந்தேகமும் வந்தது. என்னை அனுப்ப ஒரு காரணம் வேண்டும் என்று அக்காவே மெஷினை ஒளித்து வைத்திருந்தால்? அக்கா மீட்டிங்கில் இருந்த நேரம் பார்த்து அவருடைய மேசை டிராயரைத் திறக்கப் போனேன். கைப்பிடியில் கை பட்டதும் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அன்று மாலை மந்தைவெளி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே விண்ணப்பம் டைப் அடித்துத் தரும் அம்மா எனக்குப் பழக்கம். ரேஷன் கார்டு முகவரி மாற்றியபோது அவர்தான் எல்லாம் செய்து தந்தார். அட்டவணையைத் திருப்பிக் காட்டினேன்.

"இன்னாமா இது, இங்கிலீஷத் தமிழ்ல எழுதிக்கினு வந்துகீற?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நிறுத்தினார். "எல்லாத்துலயும் டேக் கீது. உன்ன பத்திதான் பேசினாங்களா?"

"ஆமாம்மா. ஊட்ல காது மெசினு காணோம்."

அவர் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்ப இன்னா, நீ எடுத்துட்டன்னு சொல்றாங்க. நாளைக்கு போலீசு கீலீசுன்னு வர்றதுக்கு முன்னாடி நீயே வேலைய வுட்டு நின்னுடு."

"நின்னா, எடுத்ததாலதான் ஓடிட்டான்னு சொல்வாங்களே?"

"அது வேற கீதா" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் முடிவோடுதான் போனேன். ஃபோன் வந்தது. அக்கா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, "டேக்..." என்று ஏதோ ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் என் பையை எடுத்துவந்து, அக்கா முன்னால் தரையில் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் பாஸ், மாற்றுச் சேலை, தலைவலித் தைலம், மடித்து வைத்த பழைய பேப்பர். தைல பாட்டில் உருண்டு மாமியின் அறை வாசல்வரை போனது.

"பாத்துக்குங்கக்கா. டேக்கன் டூ, டேக்கன் டூன்னு தினம் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணாவது இதுல இருக்கான்னு பாத்துக்குங்க. சேலைய உதறணும்னாலும் உதறிக் காட்றேன்."

ஃபோனில் அண்ணன், "என்ன சத்தம்? யாரு?" என்றார். அக்கா ஃபோனை அணைத்தார்.

மாமிக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் திறந்த கதவு வழியே தரையில் கிடந்த சாமான்களையும், என் முகத்தையும், மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எது புரிந்ததோ தெரியவில்லை. தலையணைக்கடியிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் ஒட்டியிருந்த வெல்வெட் துணியை நகத்தால் கிளப்பி, இரண்டு மெஷினையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"அவளை ஒண்ணும் கேக்காதே. நான்தான் எடுத்து வெச்சுண்டேன்" என்றார்.

அக்கா எழுந்து உள்ளே போய், ஒன்றை அவர் காதில் மாட்டிவிட்டார். "ஏம்மா? அஞ்சு நாளா வீட்டையே தலைகீழாப் புரட்டறோமே!"

"நீங்க ரெண்டு பேரும் பேசறது என் காதுல விழவேண்டாம்னுதான். தினம் காலம்பற ஆரம்பிச்சுடறேள். அம்மாவை அங்கே கூட்டிண்டு போயிடலாமா, இந்த ஆத்தை வாடகைக்கு விட்டுடலாமான்னு. நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து என் சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மெஷின் கிடைக்கும்வரை வரவில்லை.

அக்கா வந்து என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "நான் என்ன சொன்னேன்னு நினைச்சே?"

அட்டவணையைக் கொடுத்தேன். என் எழுத்தில் தன் வாக்கியங்களைப் படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். டேக்கன் டு ஹர் என்றால், அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டும் இல்லை, எடுத்ததும் இல்லை. டேக்கன் ஓவர் த கிச்சன் என்றால், சமையலறையை அவளே பார்த்துக்கொள்கிறாள், எனக்கு நிம்மதி. டேக் ஹர் ஆன் என்றால், அவளை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப எடுக்கறது?"

"அதுவும் டேக்தான். ஆனா பக்கத்துல வர்ற வார்த்தையைப் பொறுத்து மாறிடும்."

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு சொல் எப்படி இத்தனை இடத்தில் இத்தனை வேஷம் போடும்? அப்புறம் நம் பக்கமே நினைத்துப் பார்த்தேன். பசி எடுக்கிறது, ஜுரம் வந்தால் வாந்தி எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், ஃபோட்டோ எடுக்கிறோம், கடையில் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். எதிலும் யாரும் எதையும் திருடவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் 'எடு' மட்டும் கற்றுக்கொண்டு தி.நகரில் வந்து நின்றால், நாம் எல்லோரும் துணி திருட வந்ததாகத்தான் நினைப்பார்.

"கடேசி வரி?" என்று கேட்டேன். "அண்ணன் சொன்னது. டேக்கன் இன்."

அக்கா அட்டவணையை மடித்தார். "அது ஒண்ணுமில்ல. அது வேற விஷயம்."

நான்கில் மூன்றைச் சொன்னவர் ஒன்றை மட்டும் ஏன் மடித்தார்? அன்று மதியம் மாமி தூங்கியபோது, என் ஃபோனில் மொழிபெயர்ப்பு இருக்கும் இடத்தைத் திறந்து, அண்ணன் சொன்ன வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். நாலைந்து தடவை தப்பாக வந்தது. கடைசியில் வந்தது: ஏமாந்துவிடாதே.

ஆக, என் சந்தேகம் முழுப் பொய் இல்லை. மூன்று வாக்கியம் என்னைப் பாராட்டின. ஒன்று என்னைச் சந்தேகப்பட்டது. எது எது என்று தெரியாமல் நான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயந்திருக்கிறேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன். "நிரந்தரமா வேலைக்கு இருக்கேன்கா. ஆனா என்னப் பத்தி பேசுனா தமிழ்ல பேசுங்க. திட்றதா இருந்தாலும் பரவால்ல."

அக்கா தலையாட்டினார். சொன்னபடி நடந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். என்றாலும் அடுத்த வாரத்திலிருந்து சில ஃபோன்களைப் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். உதடு அசைவது தெரியும். அது மாமியைப் பற்றியா, ஆபீஸ் விஷயமா, என்னைப் பற்றியா? துணி மடிக்கும் சாக்கில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமியும் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எங்கள் இருவர் கண்ணும் சந்தித்தபோது, "உனக்கு ஏதாவது புரியறதா?" என்று கேட்டார். "இல்ல மாமி" என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

மாமியை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகும் பேச்சை மாமியே நிறுத்தினார். ஒரு காலைப் பொழுதில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்து, ஃபோன் பக்கம் குனிந்து, "நான் எங்கேயும் வரலை. இனிமே என்னைக் கேக்காம என் பேச்சை எடுக்காதே" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் திரும்ப நடந்தார். அதுவரை ஹால்வரை அவர் நடந்ததில்லை. நான் பின்னாலேயே கையை நீட்டியபடி போனேன். பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழெட்டு மாதத்தில் வாக்கரும் தேவைப்படவில்லை. எனக்கும் அடையாறில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உதவியாளர் வேலை கிடைத்தது. கடைசி நாள் அண்ணன் ஃபோனில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். திக்கித் திக்கி, தமிழிலேயே, "அம்மாவை நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

"ஏமாந்துடாதன்னு அக்காகிட்ட சொன்னீங்களே சார், எனக்குத் தெரியும்" என்றேன். இத்தனை மாதம் உள்ளே இருந்தது, தானாக வெளியே வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

அவர், "அப்ப நான் உங்களைப் பாத்ததே இல்லையே" என்றார்.

"இப்பவும் பாக்கலயே சார்."

ஃபோன் ஒரு முறை கிர்ரென்றது. அவர் வீடியோ போட்டிருந்தார். திரையில் கண்ணாடி போட்ட, தலை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர், மாமியின் அதே மூக்கோடு. என்னைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். அவரை நம்பலாமா என்று அப்போதும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.